மக்காச்சோளமும் சிறு உழவரும்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கும் ஆடி, ஆவணி மாலைகளில், கொல்கத்தாத் தெரு முனைகளிலே கரியடுப்பை விசிறிக்கொண்டு சோளக்கதிர் வாட்டி விற்போரைக் காணாத நம்மவர் இரார். வங்காளத்தார் இதனைப் 'புட்டா' என்பர். எலுமிச்சைத் துண்டை உப்பிலும் மிளகாய்ப் பொடியிலும் தோய்த்துத் தடவிக் கொடுக்கும் அக்கதிரை நம் பிள்ளைகளும் விரும்பி உண்கின்றனர். நாம் ஊரில் மக்காச்சோளம் என்று வழங்குவது இதனையே.

ஆயினும், நம் நாட்டில் விளையும் மக்காச்சோளத்தில் இவ்வாறு மனிதர் நேரே உண்பது மிகச் சிறிய பங்கே. பாதிக்கு மேற்பட்டது கோழிக்கும் கால்நடைக்கும் தீவனமாகிறது. ஒரு பகுதி மாவுப்பசை ஆலைகளுக்குப் போகிறது. அண்மை ஆண்டுகளில் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் வடிக்கும் ஆலைகளும் இதனைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியுள்ளன. விளைவித்தவன் வீட்டு அடுக்களைக்குச் செல்லாமல் முழுவதும் சந்தைக்கே செல்லும் பயிர் இது. விலை சரிந்தால் நெல்லைப் போல் குதிரில் இட்டு வைத்துச் சோறாக்கி உண்ண இயலாது. இப்பயிரை நம்பியிருக்கும் சிறு உழவரின் இன்னலுக்கு முதற் காரணம் இதுவே.

இவ்விதழைப் படிக்கும் குடும்பங்களிற் சிலவற்றுக்குப் பெரம்பலூர், அரியலூர், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கங்களில் ஓரேக்கரோ ஈரேக்கரோ மானாவாரி நிலம் இருக்கக்கூடும். அதை வாரத்துக்கோ குத்தகைக்கோ விட்டுவிட்டு நாம் இங்கே பிழைப்பு நடத்துகிறோம். ஆகவே இவ்விஷயம் நமக்கு அயலானது அன்று.

பயிர் வந்த வரலாறு

மக்காச்சோளத்தின் தாயகம் மெக்சிகோ. ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டு மக்கள் ஒரு காட்டுப் புல்லைப் பேணிப் பேணிக் கதிராக்கினர் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். அமெரிக்கக் கண்டத்தை ஐரோப்பியர் கண்டபின், போர்த்துகீசியர் வழியாக இது நம் நாட்டுக்கு வந்தது என்பது பெரும்பாலோர் கொள்கை.

1950-51-இல் இந்தியா முழுவதிலும் விளைந்த மக்காச்சோளம் ஏறத்தாழ 17 இலட்சம் டன். எக்டேருக்கு 547 கிலோவே கிடைத்தது. 1957-இல் அனைத்திந்திய மக்காச்சோள ஆராய்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. பல மாநிலத்து ஆராய்ச்சி நிலையங்களை ஒரு பயிருக்காக ஒருங்கிணைத்து நடத்திய திட்டங்களுள் நம் நாட்டில் இதுவே முதலாவது. 1961-இல் கங்கா, ரஞ்சித், டெக்கான் முதலிய பெயர்களுடன் வீரிய ஒட்டு விதைகள் வெளிவந்தன. 2022-23-இல் விளைச்சல் ஏறத்தாழ 380 இலட்சம் டன்னாக உயர்ந்தது; எக்டேர் விளைச்சலும் மூன்றரை டன் அளவை எட்டியது. அமெரிக்காவில் எக்டேருக்குப் பதினொரு டன் அளவில் விளைகிறது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இவ்வுயர்வுக்கு உழவர் கொடுத்த விலை ஒன்று உண்டு. வீரிய ஒட்டு விதை என்பது, தனித்தனியே தூய்மைப்படுத்திய இரு வழிகளைக் கலந்து உண்டாக்குவது. அக்கலப்பின் வேகம் முதல் தலைமுறையில் மட்டுமே முழுமையாக நிற்கும். விளைந்த மணியை எடுத்து மறு ஆண்டு விதைத்தால் செடிகள் ஒன்றுபோல் வளரா, விளைச்சலும் குன்றும். நம் பாட்டனார் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்துப் புகைபடக் கட்டித் தொங்கவிட்ட விதைக்கு இங்கே வேலையில்லை. ஏக்கருக்கு எட்டுக் கிலோ விதையை ஆண்டுதோறும் கடையிற் பணம் கொடுத்தே வாங்க வேண்டும். இப்பயிர் உரத்தையும் மிகுதியாக உண்ணும். எனவே ஒரு மணி முளைக்கு முன்பே உழவர் கடன்பட்டு விடுகிறார்.

இரு நிலங்கள், ஒரே துன்பம்

தமிழ்நாட்டில் இப்பயிருக்குப் பேர் பெற்றது பெரம்பலூர் மாவட்டம். அங்குள்ள கரிசல் நிலத்தில் பருத்தியும் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்துத் தை, மாசியில் கதிர் ஒடிக்கின்றனர். பருத்தி எடுக்க ஆள் கிடைப்பதும் கூலி கொடுப்பதும் அரிதானமையால், பலர் மக்காச்சோளத்துக்கு மாறினர். செடியின் உச்சியில் பூங்குஞ்சம் விரிந்து கதிரில் பட்டுநூல் தோன்றும் இரண்டு மூன்று வாரங்களே இப்பயிரின் உயிர்நிலை. அப்பொழுது மழை பொய்த்தால் கதிரில் மணி பிடிக்காது, பொக்கையாகிவிடும்.

இனி நாம் வாழும் வங்காளத்தைக் காண்போம். இங்கே உத்தர தினாஜ்பூர், மால்தா, முர்ஷிதாபாத், நதியா முதலிய மாவட்டங்களிலே குளிர்காலப் பயிராக மக்காச்சோளம் விளைகிறது. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்துச் சித்திரை, வைகாசியில் அறுவடை செய்கின்றனர். கோடைக்குரிய போரோ நெல்லைக் காட்டிலும் இதற்குத் தண்ணீர் குறைவாகவே வேண்டும். மற்றொரு காரணமும் உண்டு. 2016-இல் வங்காள தேசத்துக் கோதுமை வயல்களில் குலைநோய் கண்டது. அது எல்லை கடந்து பரவாதிருக்கும் பொருட்டு, நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களிலும் எல்லையோரத்து ஐந்து கிலோமீட்டர் வரையிலும் கோதுமை விதைப்பதை 2017-இல் மாநில அரசு தடுத்தது. கோதுமையை விட்ட உழவருட் பலர் மக்காச்சோளத்தை நாடினர்.

வங்காளத்தை அடுத்த பீகாரின் பூர்ணியா, கட்டிகார், ககரியா மாவட்டங்கள் குளிர்கால மக்காச்சோளத்துக்குப் பெயர் பெற்றவை. பூர்ணியா நகரத்துக் குலாப்பாக் மண்டி, நாட்டின் பெரிய மக்காச்சோளச் சந்தைகளுள் ஒன்று. 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி ஒரு குடும்பத்தின் பண்ணை அளவு இந்தியா முழுவதற்கும் சராசரி 1.08 எக்டேர், தமிழ்நாட்டில் 0.75, பீகாரில் 0.39, அதாவது ஓரேக்கருக்கும் குறைவு. மொழி வேறு, மண் வேறு, பருவம் வேறு. எனினும் இத்துணைச் சிறு நிலத்தை வைத்துக்கொண்டு இத்துணைப் பெரிய சந்தையை எதிர்கொள்ளும் நிலை மட்டும் இரு பக்கத்து உழவர்க்கும் ஒன்றே.

சரக்கு வண்டி சொல்லும் செய்தி

பீகார் மக்காச்சோளத்துக்கும் நம் நாமக்கல்லுக்கும் உள்ள உறவை இருப்புப்பாதைச் சரக்குப் பிரிவினர் நன்கறிவர். நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகள் நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளைத் தருகின்றன. முட்டைக் கோழித் தீவனத்தில் ஏறத்தாழ பாதி மக்காச்சோளமே. தமிழ்நாட்டு விளைச்சல் அதற்குப் போதாமையால், கருநாடகம், ஆந்திரம், பீகார் ஆகிய இடங்களிலிருந்து வருவிக்கின்றனர். பூர்ணியா, கட்டிகார்ப் பக்கத்தில் ஏற்றிய சரக்கு, வங்காளத்துத் தண்டவாளங்களைக் கடந்து தெற்கே செல்கிறது.

மூடிய வண்டிகள் நாற்பத்திரண்டு கொண்ட ஒரு முழுத் தொடரில் ஏறத்தாழ 2,600 டன் தானியம் ஏற்றலாம். அஃதாவது 26,000 குவிண்டால். ஏக்கருக்குப் பதினைந்து குவிண்டால் என்று கொண்டால், ஆயிரத்து எழுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் விளைவு ஒரே வண்டித் தொடரில் அடங்கிவிடும். ஓரேக்கர் உழவர் தனியே நின்று இவ்வண்டியைப் பதிவு செய்தல் இயலுமோ? ஊர்த் தரகர் திரட்டி மண்டிக்குத் தருகிறார்; மண்டி வணிகர் அதைச் சேர்த்துப் பெருவணிகருக்குத் தருகிறார்; அவரே வண்டியை அமர்த்துகிறார். விற்பவர் பல்லாயிரவர், வாங்குபவர் சிலர் என்னும் இந்நிலையில் விலை சொல்லும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எடையிலும் ஒரு நுட்பம் உண்டு. வயலிலிருந்து வரும் மணியில் ஈரம் மிகுதி. ஈரம் நூற்றுக்குப் பதினான்கு அளவுக்கு இறங்கினால்தான் கெடாமல் நிற்கும். இல்லையேல் பூஞ்சணம் பிடித்துக் கோழிக்கு நஞ்சாகும். நூறு கிலோவில் இருபது கிலோ ஈரம் இருந்தால் உலர்ந்த பொருள் எண்பது கிலோ. அதனைப் பதினான்கு விழுக்காட்டு ஈரத்துக்குக் கொண்டு வந்தால் எடை 93 கிலோ ஆகும். எனவே ஏழு கிலோ கழிப்பது நியாயம். ஆனால் ஈரமானி இல்லாத இடத்தில், வணிகர் கையால் அள்ளிப் பார்த்தும் பல்லாற் கடித்துப் பார்த்தும் பத்துக் கிலோ கழிப்பாராயின், குவிண்டாலுக்கு மூன்று கிலோ உழவருக்கு நட்டம். பதினைந்து குவிண்டாலுக்கு 45 கிலோ! களமில்லாதோர் தார்ச்சாலையிலே மணியைப் பரப்பிக் காயவைப்பதைப் பெரம்பலூரிலும் காணலாம், பூர்ணியாவிலும் காணலாம். திடீர் மழை வந்தால் அதுவும் வீண்.

அரசு விலையும் சந்தை விலையும்

மக்காச்சோளத்துக்கு அரசு குறைந்தபட்ச ஆதார விலை அறிவிக்கிறது. குவிண்டாலுக்கு 2019-20-இல் 1,760 ரூபாய், 2023-24-இல் 2,090, 2024-25-இல் 2,225, 2025-26-இல் 2,400. ஆனால் அரசு பெருவாரியாகக் கொள்முதல் செய்வது நெல்லையும் கோதுமையையுமே. வாங்குவோர் இன்றி அறிவிக்கப்படும் விலை, எழுத்தில் மட்டும் நிற்கும் விலை.

2020-இல் பெருந்தொற்றினால் ஊரடங்கு வந்தது. கோழி இறைச்சி உண்டால் நோய் வரும் என்று பரவிய பொய்ச் செய்தியால் கோழி வாங்குவோர் குறைந்தனர். தீவனத் தேவையும் வீழ்ந்தது. அவ்வாண்டுக் கோடையில் அறுவடை செய்த பீகார் உழவர் ஆதார விலைக்கு மிகத் தாழ்ந்த விலைக்கே விற்க நேர்ந்தது. அம்மாநிலம் வேளாண் விளைபொருள் சந்தைக் குழுச் சட்டத்தை 2006-லேயே நீக்கிவிட்டமையால், ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் என்னும் துணையும் அவர்களுக்கு இல்லை.

பிறகு எத்தனால் காலம் வந்தது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் வடிப்பதற்கு மைய அரசு கட்டுப்பாடு விதித்தது. 2024 தொடக்கத்தில் மக்காச்சோள எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் தரும் விலை லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசாக உயர்த்தப்பட்டது. ஆலைகள் போட்டியிட்டு வாங்கின. சந்தை விலை ஏறிற்று. ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024-இல் மியன்மாரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இறக்குமதி செய்தது. உழவர் மகிழ்ந்தனர், கோழிப் பண்ணையார் தீவன விலையைக் கண்டு கலங்கினர்.

விலையேற்றத்தைக் கண்டு எல்லோரும் மக்காச்சோளமே விதைத்தனர். உணவுக் கழகத்து அரிசியைக் குவிண்டால் 2,250 ரூபாய்க்கு எத்தனால் ஆலைகளுக்கு 2025-இல் கொடுத்தமையால் அவற்றுக்கு மாற்றுச் சரக்கும் கிடைத்தது. விளைவு, 2025 இறுதியில் கருநாடகச் சந்தைகளில் விலை ஆதார விலையான 2,400-க்கு மிகக் கீழே இறங்கியது. ஹாவேரி, கதக் மாவட்டங்களில் உழவர் தெருவிலிறங்கிப் போராடினர். ஓராண்டின் விலையைப் பார்த்து மறு ஆண்டு விதைப்பதும், எல்லோரும் விதைத்தபின் விலை விழுவதும் இப்பயிரில் மாறி மாறி வரும் தொல்லை.

ஓரேக்கர்க் கணக்கு

2025-26-ஆம் ஆண்டுக்கு அரசின் கணக்குப்படி ஒரு குவிண்டால் விளைவிக்க ஆகும் செலவு 1,508 ரூபாய். விதை, உரம், கூலி முதலிய கைச்செலவும், குடும்பத்தார் உழைப்பின் மதிப்பும் இதில் அடக்கம். ஏக்கருக்குப் பதினைந்து குவிண்டால் விளைந்தால் செலவு 22,620 ரூபாய். ஆதார விலை கிடைத்தால் வரவு 36,000. மிச்சம் 13,380. விலை 1,800-க்கு இறங்கினால் வரவு 27,000. மிச்சம் 4,380 மட்டுமே.

கொடுத்த குத்தகைப் பணமும் அரசுக் கணக்கில் சேர்ந்ததுதானே என்று கேட்கலாம். உண்மையே, ஆனால் அது நாடு முழுவதற்குமான சராசரி. பெரும்பாலோர் சொந்த நிலத்தில் பயிரிடுவோர் ஆதலால் அச்சராசரியில் குத்தகையின் பங்கு சிறிது. முழு நிலத்தையும் குத்தகைக்கு எடுத்தவர்க்கு இச்செலவு இன்னும் மிகும். மேற்சொன்ன 4,380 ரூபாயில் நிலக்காரரின் குத்தகையை எடுத்து வைத்தபின் அவர் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

இனி விளைச்சலே குறைந்தால்? 2018-இல் அமெரிக்கப் படைப்புழு நம் நாட்டில் முதன்முதலாகக் கருநாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் காணப்பட்டது. அவ்வாண்டுப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் புகுந்து பேரழிவு செய்தது. இதன் தாய்ப் பூச்சி ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகள் இடும். ஓரிரவில் நெடுந்தொலைவு பறக்கும். புழு குருத்துக்குள் நுழைந்து தின்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது. கடைசி உழவில் வேப்பம் புண்ணாக்கு இடுதல், விதையை மருந்திட்டு விதைத்தல், வரப்போரம் தட்டைப்பயறு, எள் முதலியவற்றை விதைத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல், இளம் பயிரிலேயே குருத்தை நோக்கி மருந்தடித்தல் ஆகியவற்றை வேளாண் துறையினர் வற்புறுத்துகின்றனர். இவை பயன் தருவன. ஆயினும் ஒவ்வொன்றும் செலவும் உழைப்பும் வேண்டுவன. புழுவினால் விளைச்சல் பத்துக் குவிண்டாலாகக் குறைந்து, விலையும் 1,800-ஆகவே நின்றால், வரவு 18,000. செலவோ இட்டது இட்டதே. குத்தகை கொடுப்பதற்கு முன்பே நாலாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல் கைந்நட்டம்.

பட்டாவும் ஏரும் பிரிந்த இடம்

இத்தகைய காலத்தில் அரசு உதவி வருகிறது. அது யாரிடம் போய்ச் சேருகிறது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. 2019-இல் மைய அரசு தொடங்கிய உழவர் நிதி, ஆண்டுக்கு 6,000 ரூபாய், தம் பெயரில் நிலமுடைய குடும்பங்களுக்கே உரியது. நம்மைப் போன்ற அரசு ஊழியர், கடைநிலைப் பணியாளர் நீங்கலாக, நிலம் இருப்பினும் அதனைப் பெற இயலாது. நாம் பெறாதது முறையே. ஆனால் நம் நிலத்தை உழுகிறவர், தமக்கென நிலம் இல்லாதவராயின், அவரும் பெற இயலாது. அந்நிலத்தின் பொருட்டு எவருக்கும் அவ்வுதவி இல்லை என்பதே இதன் முடிவு.

படைப்புழுச் சேதத்துக்குத் தமிழ்நாடு அரசு நிவாரணம் அறிவித்தது. இத்தகைய நிவாரணங்களும் ஏட்டில் எவர் பெயர் உளதோ அவர் கைக்கே எளிதில் போகும். வாய்ச்சொல்லாகக் குத்தகை எடுத்தவர் கிராம நிர்வாக அலுவலர் முன் நின்று, தாமே பயிரிட்டதாக மெய்ப்பிக்க அலைய வேண்டியிருக்கும்.

வங்காளத்தின் பழக்கம் இதில் ஒப்புநோக்கத் தக்கது. 1978-இல் தொடங்கிய பர்கா இயக்கத்தின் வழியாக ஏறத்தாழ 14 இலட்சம் வாரக் குடியானவரின் பெயர்கள் இங்கே நில ஏட்டில் பதியப்பட்டன. அதனால் 2019-இல் இம்மாநிலம் தொடங்கிய 'கிருஷக் பந்து' உதவித் திட்டத்தில், நிலமுடையாரோடு பதிவு பெற்ற வாரதாரரையும் சேர்த்தல் இயன்றது. ஏட்டில் ஒரு பெயர் ஏறுவதால் விளையும் வேறுபாடு இத்தகையது. இங்கும் பதிவின்றிப் பருவத்துக்குப் பருவம் குத்தகை எடுப்போர் உளர்; அவர் துன்பம் நம் ஊரார் துன்பம் போன்றதே.

நம் மாநிலத்திலும் 1955-ஆம் ஆண்டின் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும், 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உண்டு. இருந்தும் பதிவு செய்வோர் சிலரே. எழுத்து கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று அயலூரில் வாழும் நிலக்காரர் அஞ்சுகின்றனர். கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்று உழுகிறவர் அஞ்சுகிறார். இரு அச்சங்களுக்கும் இடையே பயிர்க் காப்பீடும் நிவாரணமும் வழி தெரியாமல் நின்றுவிடுகின்றன.

நம்மால் இயல்வன

விலையை நாம் ஏற்ற இயலாது. புழுவை இங்கிருந்து ஒழிக்கவும் இயலாது. ஆயினும் ஊரில் நிலமுடைய நம் அன்பர்கள் செய்யக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, பயிரிடுபவர் பெயரிலேயே அடங்கல் பெற உடன்பட்டு, காப்பீடு செய்யத் துணை நிற்றல். 2016-இல் தொடங்கிய பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவு தானியங்களுக்கு உழவர் பங்கு, காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவத்துக்கு நூற்றுக்கு இரண்டும், ராபிப் பருவத்துக்கு ஒன்றரையுமே. குத்தகைக்குப் பயிரிடுபவரும் இதிற் சேரலாம். வேண்டுவது உரிய சான்று மட்டுமே.

இரண்டாவது, விளைந்தாலும் விளையாவிட்டாலும் இவ்வளவு என்று தொகை கட்டுவதை விடுத்து, விளைச்சலில் பங்கு என்று பேசிக்கொள்ளுதல். நல்ல ஆண்டில் நமக்கும் கூடுதல் கிடைக்கும். கெட்ட ஆண்டில் நட்டம் முழுவதும் ஒருவர் தலையில் விழாது. மாதச் சம்பளம் உள்ள நாம் ஓராண்டுக் குறைவைத் தாங்குவோம். நாட்கூலிக்குச் செல்பவர் தாங்கார்.

மூன்றாவது, நிவாரணம் நம் பெயருக்கு வந்தால், பயிரிட்டவருக்கு உரிய பங்கைத் தயங்காது அனுப்புதல்.

நான்காவது, ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இருந்தால் அதிற் சேருமாறு அவரைத் தூண்டுதல். பூர்ணியாவில் 'ஆரண்யக்' என்னும் பெண் உழவர் நிறுவனம், உறுப்பினரின் மக்காச்சோளத்தை மின் தராசில் நிறுத்து, ஈரமானியால் அளந்து, ஒன்று திரட்டிப் பெரிய அளவில் விற்கிறது. தனியே மூன்று கிலோ இழந்தவர்கள் கூடி நின்று அதனை மீட்டனர். வண்டித் தொடரை நிரப்பும் வலிமை ஓரேக்கர்க்காரருக்கு இல்லை. ஆயிரம் ஓரேக்கர்க்காரர் சேர்ந்தால் அதனை நெருங்கலாம்.

வரும் தை மாதத்தில் ஊர் செல்லும் அன்பர்கள், கதிர் ஒடிக்கும் களத்தில் குத்தகைப் பணத்தை எண்ணி வாங்குவதற்கு முன், இவ்வாண்டு குவிண்டால் என்ன விலைக்குப் போயிற்று, எத்தனை கிலோ கழித்தார்கள், அடங்கலில் யார் பெயர் உள்ளது என்னும் மூன்று வினாக்களைக் கேட்டறியுமாறு வேண்டுகிறேன். விடைகளை நம் சங்கக் கூட்டத்திலே பகிர்ந்துகொண்டால், அடுத்த விதைப்புக்கு முன் இன்னும் சில குடும்பங்களாவது இவற்றை ஒழுங்கு செய்துகொள்ள இயலும்.